இல்லமும் உள்ளமும்: தியானத்துக்குக் காடு வேண்டுமா?



சென்ற திங்கள் இப்பகுதியில், வேற்று மொழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்குவது பற்றிச் சில சொற்கள் எழுதியிருந்தோம். அதனைப் படித்த சகோதரி ஒருவர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நம்மைக் கண்டார். "பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் கோபம் வந்துவிடுகிறது, பாடம் நின்று அடி தொடங்குகிறது. முதலில் மனம் ஒரு நிலைக்கு வர வழி சொல்லுங்கள். தியானம் செய் என்கிறார்கள். ஒருவர் மூச்சைக் கவனி என்கிறார். ஒருவர் மந்திரம் சொல் என்கிறார். மற்றொருவர் ஒன்றுமே நினையாதே என்கிறார். எதைத்தான் செய்வது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விடை கூற நாம் துறவியும் அல்லோம், மருத்துவரும் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்டு, புகைவண்டி நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னே அமர்ந்து காலம் கழிக்கும் எழுத்தர். ஆயினும் இதே கேள்வி இரண்டாண்டுகளுக்கு முன் நம் வீட்டிலும் எழுந்தது. அன்று முதல் படித்தும் கேட்டும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே சொல்லுகிறோம். சொந்தக் குறையை ஒளித்து வைத்துக் கொண்டு ஊருக்கு உபதேசம் செய்வது முறையன்று. ஆகவே நம் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு நாள் மாலை ஷிப்டு முடிந்து கணக்குப் பார்த்தபோது 640 ரூபாய் குறைந்தது. குறைந்த பணத்தை எழுத்தரே கட்ட வேண்டும் என்பது டிக்கெட் ஜன்னலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டிவிட்டு வீடு வந்தோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் நம் மகன் மராத்திப் பாடப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டான். மறுபடியும் கேட்டான். நாம் கத்திய கத்தலில் அடுத்த வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை அழவில்லை. புத்தகத்தை மெல்ல மூடிப் பைக்குள் வைத்தான். அன்று முதல் வாசலில் நம் செருப்புச் சத்தம் கேட்டால் அவன் புத்தகம் பைக்குள் போய்விடும்.

நம் தந்தையாரும் ரயில்வேயில்தான் பணிபுரிந்தார். பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் மறைந்தார். கருணை அடிப்படையில் நமக்கு இந்த வேலை கிடைத்தது. அன்றிரவு நம் தாயார் அருகில் வந்து அமர்ந்தார். "ஏம்ப்பா, அப்பாவோட வேலை மட்டும்தான் உனக்கு வந்ததுன்னு நினைச்சேன். அவரு கோபமும் கூடவே வந்துட்டுதே!" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தந்தையாரின் குரலுக்கு அஞ்சி நாம் புத்தகத்தை மறைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வேலை வாரிசாக வரலாம்; சினமும் வாரிசாக நம் மகனுக்குப் போக வேண்டுமா?

அந்தக் கேள்விதான் நம்மைத் தியானத்தின் பக்கம் திருப்பியது. முத்தி வேண்டித் திரும்பவில்லை. பிள்ளை புத்தகத்தை மூடாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

தியானம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது காடும் குகையும் காவி உடையும். சம்பளக்காரனுக்கும் சமையலறைக்கும் அதில் இடமில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், தியான முறைகள் பல நம்மைப் போன்ற அலுவலகத்து மனிதர்கள் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு சான்றுகள் தருகிறோம்.

முதற் சான்று நம் தமிழகத்தது. 1896ஆம் ஆண்டு பதினாறு வயதில் மதுரையை விட்டுத் திருவண்ணாமலை சேர்ந்த ரமண மகரிஷி தொடக்க ஆண்டுகளில் பேசாதிருந்தார். 1902ஆம் ஆண்டு அவரைத் தேடிச் சென்று கேள்விகள் கேட்டவர் சிவப்பிரகாசம் பிள்ளை. அவர் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றியவர். அலுவல் காரணமாகவே திருவண்ணாமலைக்கு வந்தவர். அவர் கேட்கக் கேட்க, ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னே ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்ப்பதே அம்முறையின் சாரம். 'எனக்கு' என்று விடை வரும். அந்த 'நான்' யார் என்று மேலும் உள்ளே செல்ல வேண்டும்.

இரண்டாவது சான்று பர்மாவில் நிகழ்ந்தது. நம் பாட்டன்மார் பலர் பிழைப்புத் தேடி இரங்கூனுக்குக் கப்பல் ஏறிய காலம் அது. 1899ஆம் ஆண்டு இரங்கூனில் பிறந்த ஊ பா கின் என்பவர் கணக்குத் துறை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1937ஆம் ஆண்டு தியானம் பயிலத் தொடங்கினார். பின்னர் பர்மா ரயில்வேயின் கணக்கு அதிகாரியானார். 1941ஆம் ஆண்டு நிலையங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யப் பயணம் போனபோது, சௌக்சே என்னும் ஊரருகில் வெபு சயாடோ என்ற பெரும் துறவியைக் கண்டார். அத்துறவி, நீ பெற்றதைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்றார். உடனே, தம்முடன் வந்திருந்த நிலைய உதவி அதிகாரிக்குத் தாம் பயணம் செய்த ரயில் பெட்டியிலேயே முதற் பாடம் சொல்லிக் கொடுத்தார். மடத்திலே அன்று, மண்டபத்திலே அன்று; ரயில் பெட்டியிலே! 1948ஆம் ஆண்டு பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரியான அவர், 1950ஆம் ஆண்டு தம் அலுவலகத்திலேயே விபஸ்ஸனா சங்கம் ஒன்றை நிறுவினார்.

அவரிடம் பயின்றவர் சத்திய நாராயண கோயங்கா. மாண்டலேயில் 1924ஆம் ஆண்டு பிறந்த இந்திய வணிகர். கடும் ஒற்றைத் தலைவலியால் வருந்தியவர். 1955ஆம் ஆண்டு ஊ பா கின்னை அடைந்தார். 1969ஆம் ஆண்டு இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டு தொடங்கிய அவருடைய தம்மகிரி நிலையம், நம் கல்யாண் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இகத்புரியில் உள்ளது. 1994ஆம் ஆண்டு தில்லித் திகார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்து அவரிடம் பயின்றனர். சிறைக்குள் இயலுமாயின் குடும்பத்துக்குள் இயலாதா?

இனி முறைகளைப் பார்ப்போம். பெயர்கள் பலவாயினும், வீட்டிலிருந்து செய்யத்தக்கவை நான்கு வகையுள் அடங்கும் என்பது நம் எண்ணம்.

ஒன்று, மூச்சைக் கவனித்தல். மூச்சை அடக்குவது அன்று, நீட்டுவதும் அன்று. தானாக வந்து போகும் மூச்சை மூக்கு நுனியில் அறிந்திருப்பது. இதற்கு மொழி வேண்டாம், மதம் வேண்டாம், செலவு வேண்டாம். பதற்றம் மிகுந்தவர்க்கும் உறக்கத்துக்கு முன் மனம் அலைபவர்க்கும் இது எளிது.

இரண்டு, ஜபம். நம் தாயார்மார் அரிசி களைந்து கொண்டே முருகா, முருகா என்பது இதுவே. 108 மணி உருட்டும் பாட்டியும், தஸ்பீஹ் மணிகளைத் தள்ளி இறைவன் பெயரை நினைக்கும் இசுலாமியப் பெரியவரும், ஜெபமாலை சொல்லும் கிறித்துவச் சகோதரியும் செய்வது ஒரே பயிற்சிதான். அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் இதனை ஆராய்ந்து 1975ஆம் ஆண்டு நூல் எழுதினார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, வேறு நினைவு வந்தால் அமைதியாக அச்சொல்லுக்கே திரும்பினால், இதயத் துடிப்பும் மூச்சும் தணிகின்றன, உடல் எடுத்துக் கொள்ளும் பிராணவாயு குறைகிறது என்று கண்டார். கண் மூடி உட்கார நேரமில்லாதவர்க்கு ஜபமே உகந்தது. கை வேலை செய்யும், நா பெயர் சொல்லும்.

மூன்று, உடலை நோக்குதல். விபஸ்ஸனா என்பது இவ்வகை. தலை முதல் கால் வரை உடலில் எழும் சூடு, குளிர், துடிப்பு, வலி ஆகியவற்றை விருப்பும் வெறுப்பும் இன்றிப் பார்ப்பது. எதுவும் நில்லாமல் மாறுகிறது என்பதை ஏட்டில் படிக்காமல் உடம்பிலேயே காண்பது. இதனை முறையாகப் பயிலப் பத்து நாள் தங்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். பேச்சு அறவே கூடாது. முதல் மூன்று நாள் மூச்சு, அதன் பின் உடல். கட்டணம் இல்லை; முன்னர்ப் பயின்று பயன் பெற்றவர் தரும் நன்கொடையில் அது நடைபெறுகிறது. நாம் இன்னும் அங்குத் தங்கிப் பயிலவில்லை. பத்து நாள் விடுப்பை எல்லாம் ஊர்த் திருவிழாவும் உறவினர் கல்யாணமும் எடுத்துக் கொள்கின்றன.

நான்கு, அன்பைப் பெருக்குதல். பௌத்தர் இதனை மைத்திரி என்பர். முதலில் தனக்கு, பின் வீட்டாருக்கு, பின் அயலாருக்கு, இறுதியில் பகைவருக்கும் நலம் உண்டாகுக என்று உளமார நினைப்பது. மொழி தெரியாத ஊரில், தண்ணீர்க் குழாயடியில், வாடகைக்காரரோடு, அண்டை வீட்டாரோடு நாள்தோறும் உராயும் நமக்கு இது மிகவும் வேண்டியது.

இவற்றோடு ரமணரின் ஆராய்ச்சி முறையையும் சேர்த்துக் கொள்ளலாம். எது சிறந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை. ஊருக்குப் போக வேண்டியவன் கால அட்டவணையையே படித்துக் கொண்டிருந்தால் வண்டி போய்விடும். ஒன்றில் ஏறுங்கள். மூன்று திங்கள் அதிலேயே இருங்கள். வாரத்துக்கு ஒரு முறையை மாற்றுபவர் எதிலும் ஊன்றுவதில்லை.

நாம் ஏறியது மூச்சு வண்டியில். எப்படி நடந்தது என்பதையும் கேளுங்கள். நம் குடியிருப்பு ஓர் அறையும் சமையலறையும் கொண்டது. பின்புறம் யார்டு, இரவெல்லாம் ஷண்டிங் ஓசை. முதல் வாரம், சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தோம், அது அடங்கவேயில்லை. இரண்டாம் வாரம் உட்கார்ந்தபடியே உறங்கினோம். மூன்றாம் வாரம்தான் ஓர் உண்மை புலப்பட்டது. சத்தம் நம்மைத் தேடி வரவில்லை. நாம்தான் ஒவ்வொரு சத்தத்தின் பின்னும் ஓடினோம்.

அப்போது இல்லத்தரசியார் ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால் அதற்குத் தியானம் என்று பெயர். அந்த நேரத்தில் பால் பொங்காமல் பார்ப்பவளுக்கு என்ன பெயர்?" நமக்கு விடை வரவில்லை. எத்தனையோ வீடுகளில் ஆடவரின் அமைதி பெண்டிரின் உழைப்பின் மேல் அன்றோ அமர்ந்திருக்கிறது! மறுநாள் முதல் ஏற்பாடு மாறியது. விடியற்காலை பத்து நிமிடம் நாம் அமர்வோம். அடுத்த பத்து நிமிடம் அவர் அமர்வார், பாலை நாம் பார்ப்போம். முதல் நாளே பாலைப் பொங்கவிட்டோம் என்பது வேறு கதை. இப்பகுதியைப் படிக்கும் ஆடவர் வேறு எதை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம். வீட்டில் ஒருவர் மட்டும் பெறும் ஓய்வு தியானம் ஆகாது.

செய்முறை மிக எளிது. நாற்காலியிலோ பாயிலோ முதுகு நிமிர்ந்து அமருங்கள். மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நடுவில் மனம் கடன் தவணைக்கோ மாமியார் சொன்ன சொல்லுக்கோ போய்விடும். போனதை அறிந்ததும் மனத்தைத் திட்டாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். நூறு முறை போனால் நூறு முறை திரும்புங்கள். திரும்புவதுதான் பயிற்சி, போகாமலிருப்பது அன்று. கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆனதும், இன்று நாம் காணப் போகும் எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைத்து எழுங்கள். நேரம் மாறாதிருப்பது முக்கியம். இரவுப் பணி உள்ளவர்கள் வீடு வந்து குளித்த பின் செய்யலாம்.

இதனால் கிடைக்கும் பயன் என்ன? விளம்பரக்காரர் சொல்வது போல் எல்லா நோயும் தீரும் என்று நாம் சொல்லோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 3,515 பேரிடம் நடந்த 47 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டனர். மனக்கலக்கம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன என்று கண்டனர். மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினர். ஆகவே இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சை எண்ணாதீர்கள். மாத்திரையையும் உண்டு மூச்சையும் எண்ணுங்கள். மனநோய்க்கு மருத்துவம் பெறுகிறவர்கள், பத்து நாள் மௌனப் பயிற்சிக்குச் செல்லுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கண்ணை மூடி அமரும்போது பழைய துயரங்கள் பொங்கி எழுந்து தாங்க இயலாமற் போனால், நிறுத்திவிட்டு நம்பிக்கைக்குரியவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நம்முடைய அனுபவத்தில் கண்ட பயன் ஒன்றே ஒன்று. ஐந்தாவது திங்களில் ஒரு நாள் வண்டி புறப்படும் நேரம். சில்லறைக்காக ஒரு பயணி ஜன்னலைத் தட்டி, நம் ஊரையும் மொழியையும் சேர்த்து ஏசினார். முன்பெல்லாம் அவர் பேசி முடிக்குமுன் நம் வாய் திறந்துவிடும். அன்று, காது சூடேறுவதும் கை நடுங்குவதும் நமக்குத் தெரிந்தன. ஒரு மூச்சு வெளியே போனது. டிக்கெட்டையும் மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தோம். அவர் போய்விட்டார். அன்று மாலை கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. சினத்தில்தான் கை தவறுகிறது என்பதும் அன்றுதான் விளங்கியது.

சினம் எழாமற் போகவில்லை. எழுவது முன்னதாகத் தெரிகிறது. மூச்சுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு விரற்கடை இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் ஒரு குடும்பம் குடியிருக்க வேண்டும். கசாராவிலிருந்து இகத்புரிக்குச் செல்லும் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன் எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், கனத்த வண்டிக்குப் பின்னே துணை எஞ்சின்களும் சேர்ந்து தள்ளினால்தான் மேலே ஏறும். வாழ்க்கை ஏற்றத்தில் உழைப்பு முன் எஞ்சின். தினம் பத்து நிமிட அமைதி பின்னிருந்து தள்ளும் துணை எஞ்சின். அது தனியே வண்டியை இழுக்காது. ஆனால் வண்டி பின்னோக்கிச் சரியவும் விடாது.

ஐக்கிய நாடுகள் சபை 2024ஆம் ஆண்டு நிறைவேற்றிய தீர்மானத்தால் டிசம்பர் 21ஆம் நாள் உலகத் தியான நாளாகியிருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளை விடியலே போதும்.

நாம் முழுதும் திருந்திவிட்டோம் என்று எண்ண வேண்டா. சென்ற திங்கள்கூட ஒரு நாள் குரல் உயர்ந்தது. ஆனால் பாதியில் நின்றது. பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டோம். நம் தந்தையார் நம்மிடம் கேட்டதில்லை. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார் யாரும் இருந்திருக்கவில்லை. தாயார் கதவருகே நின்று பார்த்துக் கொண்டிருந்தார். வழக்கம் போல் ஒன்றும் சொல்லவில்லை. முந்தாநாள் பணி முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினோம். உள்ளே மகன் பாயில் குப்புறப் படுத்து எழுதிக் கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்த்தான். மீண்டும் எழுதத் தொடங்கினான். புத்தகம் திறந்தே இருந்தது.

 தம் இல்லங்களில் எம்முறை கைகூடியது, எங்கே இடறியது என்பதை அன்பர்கள் சங்கத்தின் வழியாக எழுதி அனுப்பினால், வரும் இதழ்களில் எல்லோரோடும் பகிர்ந்து கொள்வோம்.